எலி வண்டிக்கு வைத்தியம்: வீட்டு கராஜில் கட்டிய ரேட் ராட் டிரக்கில் கோளாறு கண்டுபிடிப்பது எப்படி

அமெரிக்காவில் ‘ரேட் ராட்’ (rat rod) என்று ஒரு வகை வண்டி உண்டு. பெயரில் எலி இருப்பதற்கு ஏற்ற மாதிரி வளையிலிருந்து எழுந்து வந்ததைப் போலவே இருக்கும். துருப்பிடித்த பழைய கேபின், பெயின்ட் கிடையாது, பானெட் கிடையாது, எஞ்சின் திறந்த மேனிக்கு வெளியே தெரியும். குரோமியம் பூசிக் கண்காட்சிக்கு மட்டும் வெளியே எடுக்கிற ஹாட் ராட் வண்டிகளுக்கு இது நேர் எதிர். கையில் கிடைத்த சாமானை வைத்து வீட்டிலேயே கட்ட வேண்டும், கட்டியதை ஓட்ட வேண்டும். அதுதான் இதன் மரபு.

ஒஹாயோவில் நானும் பக்கத்து வீட்டுக்காரரும் (ரிட்டயர் ஆன லேத் ஆபரேட்டர்) மூன்று குளிர்காலம் சேர்ந்து ஒன்றைக் கட்டினோம். கேபின் 1950 செவ்ரோலே 3100. அடியில் 1980களின் செவ்ரோலே எஸ்-10 பிக்கப் சேஸிஸ் (அடிச்சட்டம்). எஞ்சின் செவ்ரோலே 350 கன அங்குல வி8, கியர்பாக்ஸ் 700ஆர்4 ஆட்டோமேட்டிக். இந்த ஜோடியைப் பலரும் எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. 3100-இன் வீல்பேஸ் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம்) 116 அங்குலம், நீளமான பின்பெட்டி உள்ள எஸ்-10 மாடலுடையது 117.9. கிட்டத்தட்ட ஜாதகப் பொருத்தம்.

ஆனால் பொருத்தம் பார்த்துக் கட்டிவைத்த கல்யாணத்திலும் சம்பந்தி சண்டை வராமல் இருக்குமா? இந்த வண்டியில் வருகிற கோளாறில் பெரும்பாலானது அந்த ரகம்தான். தனித்தனியாகக் கழற்றிப் பார்த்தால் பாகம் நன்றாகவே இருக்கும். ஒரு வீட்டுப் பாகமும் இன்னொரு வீட்டுப் பாகமும் சந்திக்கிற இடத்தில்தான் தகராறு. அதனால் கீழே எந்த அறிகுறியைப் பார்த்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: இங்கே எந்த இரண்டு வண்டிகள் சந்திக்கின்றன? இதைக் கேட்காமல் பாகத்தை மாற்ற ஆரம்பித்தால் பணம்தான் கரையும். எங்களுக்குக் கரைந்தது.

வேலைக்கு இறங்குமுன் இரண்டு விஷயம். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி நோட்டில் எழுதுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றி வண்டி சரியானால் எதனால் சரியானது என்று உங்களுக்கே தெரியாது.

சாவியைத் திருப்பினால் ‘டக்’ மட்டும் கேட்கிறது

பேட்டரி புதுசு, ஸ்டார்ட்டர் புதுசு. சாவியைத் திருப்பினால் ஒரு ‘டக்’, அதோடு சரி. ஸ்டார்ட்டரைக் கழற்றாதீர்கள், எர்த்தைப் பாருங்கள்.

ஒரு வண்டியின் கேபின், இன்னொன்றின் சேஸிஸ், மூன்றாவதன் எஞ்சின். மூன்றுக்கும் இடையே ரப்பர் மௌன்ட். ரப்பர் கரன்ட்டைக் கடத்தாது. கம்பெனியிலிருந்து வந்த வண்டியில் எஞ்சினையும் பாடியையும் இணைக்க ஒரு பின்னல் பட்டை இருக்கும். நாம் கட்டும்போது அது யார் நினைவுக்கும் வராது. கரன்ட் சும்மா இருக்குமா? ஆக்ஸிலரேட்டர் கேபிள், கியர் கம்பி என்று கிடைத்த வழியில் திரும்பிப் போகப் பார்க்கும். ஸ்டார்ட்டரைச் சுற்றியதும் ஆக்ஸிலரேட்டர் கேபிள் கையைச் சுட்டால் வேறு சோதனையே வேண்டாம், எர்த் இல்லை.

உறுதி செய்ய மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் முனையிலும் (கிளாம்ப்பில் அல்ல), மற்றதை எஞ்சின் பிளாக்கில் வெற்று இரும்பிலும் வைத்து, இன்னொருவரை ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதையில் தடை இருக்கிறது. பேட்டரி ப்ளஸ் முதல் ஸ்டார்ட்டர் போல்ட் வரை இதே மாதிரி அளந்தால் 0.5-ஐத் தாண்டக் கூடாது. பேட்டரியைப் பின்னால் பெட்டியில் வைத்திருப்பவர்கள் ப்ளஸ் பக்கத்தைக் கட்டாயம் அளக்க வேண்டும். மெல்லிய கேபிள் அவ்வளவு தூரத்துக்கு ஆகாது.

பேட்டரியிலிருந்து பிளாக்குக்கு ஒன்று, பிளாக்கிலிருந்து சேஸிஸுக்கு ஒன்று, சேஸிஸிலிருந்து கேபினுக்கு ஒன்று என்று மூன்று எர்த் கேபிள் போடுங்கள். துருதான் இந்த வண்டிக்கு அழகு, ஒப்புக்கொள்கிறேன். எர்த் போல்ட்டின் அடியில் மட்டும் அந்த அழகு வேண்டாம், வெள்ளை இரும்பு தெரியும்வரை சுரண்டுங்கள்.

ஹெட்லைட் போட்டதும் டெம்பரேச்சர் முள் தானாக ஏறுவதும், கைகாட்டி விளக்கு போட்டால் பிரேக் விளக்கும் மினுக்குவதும் இதே நோய்தான்.

சாவியை எடுத்த பிறகும் எஞ்சின் ஓடுகிறது என்றால் அது வேறு. 10எஸ்ஐ மாதிரி உள்ளேயே ரெகுலேட்டர் உள்ள ஆல்டர்னேட்டரின் 1-ஆம் முனை வழியாக இக்னிஷனுக்குக் கரன்ட் திரும்பி வருகிறது. அந்த ஒயரில் ஒரு டயோடோ சார்ஜிங் விளக்கோ போட்டால் நின்றுவிடும்.

ஸ்டார்ட் ஆகாமல் கார்புரேட்டர் வழியே வெடிக்கிறது

டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி மாட்டியவர் எல்லாரும் ஒரு தடவையாவது இதைப் பார்த்திருப்பார்கள். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் டிஸ்ட்ரிபியூட்டர் ஒரு சுற்றுதான் சுற்றும். அதனால் கிராங்க் முனையில் இருக்கிற பேலன்சர் சக்கரத்தின் குறி ‘0’-வில் நிற்பதை மட்டும் பார்த்து மாட்டினால் சரியாக அமைய பாதி வாய்ப்புதான். முதல் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ஓட்டையில் கட்டைவிரலை வைத்து எஞ்சினைக் கையால் சுற்றுங்கள். காற்று விரலைத் தள்ளிக்கொண்டு வரும்போது குறி பூஜ்யத்துக்கு வந்தால் அதுதான் சரியான பூஜ்யம். அப்போது ரோட்டார் முதல் சிலிண்டர் ஒயரைப் பார்த்து நிற்க வேண்டும்.

இந்த எஞ்சினின் ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் வெடிக்கிற வரிசை, 1-8-4-3-6-5-7-2. மேலிருந்து பார்த்தால் ரோட்டார் கடிகாரம் சுற்றும் திசையில் போகும். டிரைவர் பக்கம் முன்னிருந்து பின்னாக 1, 3, 5, 7. மறுபக்கம் 2, 4, 6, 8. இதில் 5-உம் 7-உம் பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள், வெடிப்பதும் ஒன்றை அடுத்து ஒன்று. இரண்டு ஒயரையும் அழகாக ஒட்டிக் கட்டிவைத்தால் ஒன்றின் கரன்ட் மற்றதில் பாய்ந்து, பாரம் ஏறும்போது மட்டும் மிஸ்ஸிங் அடிக்கும். ஒயர்களைப் பிரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒன்றன் மேல் ஒன்று குறுக்காகப் போகவிடுங்கள்.

ஸ்டார்ட் ஆனதும் டைமிங் லைட்டைப் பிடியுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, ஸ்பார்க் பூஜ்யத்துக்கு முன்னால் ஐடிலில் 8 முதல் 12 டிகிரி, 3000 ஆர்.பி.எம்.-இல் மொத்தம் 34 முதல் 36 டிகிரி. சாதாரண 350-க்கு இது போதும்.

பத்து நிமிடம் ஓடி நின்றுவிடுகிறது, ஆறினால் மறுபடி ஓடுகிறது

நின்ற உடனே பெட்ரோல் டேங்க் மூடியைத் திறங்கள். ‘புஸ்’ என்று காற்று உள்ளே போனால் வேலை முடிந்தது. டேங்க்குக்கு மூச்சுவிட வழி இல்லை. பழைய டேங்க்குக்குப் புதிய அடைத்த மூடி, அல்லது புதிய டேங்க்கின் ஆவிக் குழாயை ‘இது எதற்கு’ என்று நாமே அடைத்தது, இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்.

‘புஸ்’ வரவில்லை என்றால் ஃபில்டரைக் கழற்றி வெள்ளைத் துணியில் தட்டுங்கள். காப்பிப்பொடி மாதிரி துரு விழுந்தால் டேங்க் உள்ளே அழுகியிருக்கிறது. ஃபில்டரை மாற்றிக்கொண்டே போவதில் பலனில்லை, டேங்க்கை மாற்றுங்கள். பழைய ரப்பர் குழாய்களையும் சேர்த்து மாற்றிவிடுங்கள், இன்றைய பெட்ரோலில் இருக்கிற எத்தனால் அவற்றைக் கரைக்கும். இதுவும் இல்லை என்றால் பெட்ரோல் குழாய் எக்ஸாஸ்ட் பக்கத்தில் போகிறதா என்று பாருங்கள். குழாய்க்குள்ளேயே பெட்ரோல் கொதித்து ஆவியானால் பம்ப் அதை இழுக்காது.

இதற்கு எதிர்ப்பக்க நோயும் உண்டு. கருப்புப் புகை, பெட்ரோல் நாற்றம், கார்புரேட்டர் மூக்கிலிருந்து சொட்டுகிறது. இன்ஜெக்ஷன் எஞ்சினோடு வந்த எஸ்-10-இன் சேஸிஸ் எடுத்தவர்களுக்கு இது கிட்டத்தட்ட எழுதிவைத்த விதி. டேங்க்குக்குள் இருக்கிற மின்சார பம்ப் த்ராட்டில் பாடி இன்ஜெக்ஷனுக்காக (கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சும் அமைப்பு) செய்தது. 9 முதல் 13 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் தள்ளும். கார்புரேட்டர் தாங்குவது 5 முதல் 7 வரைதான். மிதவை ஊசியை நெட்டித் தள்ளிக்கொண்டு பெட்ரோல் வழியும். கார்புரேட்டரைப் பிரித்துப் பிரித்துக் கழுவினாலும் வழியும், நாங்கள் மூன்று தடவை கழுவினோம். பத்து டாலர் பிரஷர் கேஜ் ஒன்றை மாட்டியபோதுதான் புத்தி வந்தது. மீதிப் பெட்ரோலை டேங்க்குக்குத் திருப்பி அனுப்பும் ரெகுலேட்டர் போடுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பம்ப்பை எடுத்துவிட்டு எஞ்சினிலேயே மாட்டும் மெக்கானிக்கல் பம்ப் வையுங்கள். எது செய்தாலும் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

சூடாகிறது

எப்போது என்று முதலில் சொல்லுங்கள். நிற்கும்போதா, ஓடும்போதா?

நிற்கும்போது மட்டும் சூடாகி, ஓடினால் இறங்குகிறது என்றால் காற்று போதவில்லை. ஃபேன் பிளேடு பாதி ஷ்ரௌடுக்கு (ஃபேனைச் சுற்றி ரேடியேட்டரில் மாட்டும் கூடு) உள்ளேயும் பாதி வெளியேயும் இருக்க வேண்டும். ஷ்ரௌடே இல்லாவிட்டால் ஃபேன் அதே சூட்டுக்காற்றைச் சுற்றிக்கொண்டிருக்கும். மின்சார ஃபேன் என்றால் ஒரு காகிதத்தை ரேடியேட்டர் முகத்தில் வையுங்கள், ஒட்ட வேண்டும். பறந்தால் ஒயரை மாற்றிக் கொடுத்து எதிர்ப்பக்கம் சுற்றவிட்டிருக்கிறீர்கள். சிரிக்காதீர்கள், நடக்கிற காரியம்.

ஓடும்போது மட்டும் சூடாகிறது என்றால் தண்ணீர் ஓட்டத்தைப் பாருங்கள். பம்ப் இழுக்கும் பக்கத்துக் கீழ் ஹோஸ், எஞ்சின் வேகம் ஏறும்போது உறிஞ்சப்பட்டு நசுங்கும். உள்ளே சுருள் கம்பி இருக்கிற ஹோஸ் போடுங்கள்.

எப்போதும் சூடாகிறது, எல்லாம் புதுசு என்றால் வாட்டர் பம்ப்பைச் சந்தேகப்படுங்கள். இது எங்களை ஆறு வாரம் அலையவைத்தது. பழைய வி பெல்ட் அமைப்பில் பம்ப் கிராங்க் சுற்றும் திசையிலேயே சுற்றும். பிற்கால ஒற்றை அகலப் பெல்ட் அமைப்பில் பெல்ட்டின் முதுகு பம்ப்பை ஓட்டுவதால் எதிர்த்திசையில் சுற்றும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பம்ப்பும் இரட்டைப் பிள்ளைகள், போல்ட் ஓட்டைகூட ஒன்றுதான். உள்ளே இருக்கிற விசிறி மட்டும் வேறு. கடையில் ‘350-க்கு பம்ப்’ என்று கேட்டு வாங்கினேன், கொடுத்தார்கள். எந்தப் பெல்ட் என்று நானும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. தண்ணீர் சுற்றிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் வேண்டா வெறுப்பாக. ரேடியேட்டர் மாற்றினேன், 180 டிகிரி ஃபாரன்ஹீட் தெர்மோஸ்டாட் போட்டேன், ஃபேன் மாற்றினேன். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர் பம்ப்பைக் கழற்றி, பிளேடு வளைந்திருக்கும் பக்கத்தை விரலால் காட்டிவிட்டு ஒன்றும் பேசாமல் காப்பி குடிக்கப் போனார்.

இன்னொன்று, இந்த ரக வண்டிக்கே உரியது. முகம் தாழ்ந்து தெரிய வேண்டும் என்று ரேடியேட்டரை இறக்கிவைப்போம். அப்போது ரேடியேட்டர் மூடியைவிட எஞ்சின் உயரத்தில் இருக்கும், காற்று மேலே போய் எஞ்சினிலேயே தங்கும். மூடி வரை தண்ணீர் நிற்கிறது, உள்ளே எஞ்சின் தலை காய்கிறது. எல்லாவற்றுக்கும் உயரமான இடத்தில் ஒரு சிறு தொட்டி வைத்து, தண்ணீர் ஊற்றுவதும் பிரஷர் மூடியும் அதில் இருக்கட்டும். தெர்மோஸ்டாட் விளிம்பில் 1/8 அங்குலத்தில் ஒரு துளை போட்டால் காற்று வெளியேற வழி கிடைக்கும்.

பிரேக்

மற்றதெல்லாம் வண்டி ஓடாமல் நிற்கிற பிரச்சினை. இது வண்டி நிற்காமல் ஓடுகிற பிரச்சினை. அவசரப்படாமல் படியுங்கள்.

பெடலை மிதித்தால் பிரேக் எண்ணெயைத் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர். எஸ்-10-இல் அது எஞ்சின் அறையில் உயரத்தில் இருந்தது. நம் கேபினில் அந்த இடம் இல்லை. அதனால் சேஸிஸில், கால் தளத்துக்கு அடியில் வைக்கிறோம். பாதி அறிகுறிகள் இந்த ஒரு முடிவிலிருந்து பிறக்கின்றன.

முதல் மிதியில் பெடல் தரை வரை போகிறது, இரண்டாம் மூன்றாம் மிதியில் கெட்டியாகிறது. மாஸ்டர் சிலிண்டர் சக்கரத்து மட்டத்துக்குக் கீழே போய்விட்டதால் எண்ணெய் மெல்ல அதை நோக்கி இறங்கிவிடுகிறது. குழாயில் ரெசிடுவல் வால்வு (எண்ணெய் முழுக்கத் திரும்பாமல் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்துவைப்பது) வேண்டும். டிஸ்க் பக்கத்துக்கு 2 பி.எஸ்.ஐ., டிரம் பக்கத்துக்கு 10. பின் டிரம்மின் ஷூ தளர்ந்திருந்தாலும் இதே அறிகுறிதான் வரும், அதை முதலில் இறுக்கிப் பாருங்கள், காசு செலவில்லை.

எவ்வளவு மிதித்தாலும் பெடல் பஞ்சு மாதிரி இருக்கிறது. உள்ளே காற்று. நாலு தடவை காற்று எடுத்தும் போகவில்லை என்றால் முன் டிஸ்க்கைப் பிடிக்கிற கேலிப்பரைப் பாருங்கள். காற்று எடுக்கும் திருகு மேலே பார்த்து இருக்க வேண்டும். இடது வலது மாற்றி மாட்டினாலும் கேலிப்பர் அச்சாகப் பொருந்தும், ஆனால் திருகு கீழே போய்விடும். காற்று மேலே, திருகு கீழே. ஆண்டு முழுக்க மிதித்தாலும் வராது. மாஸ்டர் சிலிண்டரை வண்டியில் மாட்டுவதற்கு முன்பே வைஸில் பிடித்துக் காற்று எடுத்திருக்க வேண்டும் என்பதும் பலர் தாண்டிப்போகிற படி.

பெடல் கல் மாதிரி இருக்கிறது, வண்டி நிற்கவில்லை. பூஸ்டர் (எஞ்சின் வேக்குவத்தால் மிதிக்கு உதவுவது) இருந்தால் வேக்குவம் அளந்து பாருங்கள். பூஸ்டருக்குப் பாதரச அளவில் சுமார் 18 அங்குலம் வேண்டும். தடதடவென்று அதிர வேண்டும் என்று பெரிய கேம் போட்ட எஞ்சின் ஐடிலில் 10, 12-தான் தரும். சத்தத்துக்கு ஆசைப்பட்டு பிரேக்கை விற்ற கதை. பூஸ்டர் இல்லை என்றால் பெடல் விகிதத்தைக் கணக்குப் போடுங்கள். பெடலின் கீல் முதல் கால் வைக்கும் இடம் வரை உள்ள நீளத்தை, கீல் முதல் தள்ளுகோல் மாட்டிய இடம் வரை உள்ள நீளத்தால் வகுங்கள். பூஸ்டர் இல்லாத பிரேக்குக்கு 6 வர வேண்டும், பூஸ்டர் இருந்தால் 4 போதும். பூஸ்டர் வண்டிப் பெடலைப் பூஸ்டர் இல்லாமல் மாட்டினால் கால் வலிக்கும், வண்டி போய்க்கொண்டே இருக்கும்.

கொஞ்ச தூரம் ஓடியதும் பிரேக் தானாகப் பிடிக்கிறது, சக்கரம் சூடாகிறது. தள்ளுகோலுக்கும் பிஸ்டனுக்கும் இடையே மயிரிழை ஆட்டம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய் திரும்பி வரும் துளை மூடியே இருக்கும். ஆட்டம் இருந்தும் முன் டிஸ்க் பிடிக்கிறது என்றால், டிரம்முக்கான 10 பி.எஸ்.ஐ. வால்வு டிஸ்க் குழாயில் உட்கார்ந்திருக்கலாம். சில டிரம் மாஸ்டர் சிலிண்டர்களில் அந்த வால்வு உள்ளேயே ஒளிந்திருக்கும்.

பலமாக மிதித்தால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வால் திரும்புகிறது. இந்த வண்டிகளில் பின்பக்கம் வெறும் தகரப்பெட்டி, எடையே கிடையாது. பின் குழாயில் அழுத்தத்தைக் குறைக்கிற, அட்ஜஸ்ட் செய்யக்கூடிய ப்ரொபோர்ஷனிங் வால்வு போட்டு, காலி மைதானத்தில் முன் சக்கரம் முதலில் பூட்டுகிற அளவுக்குத் திருகிக் குறையுங்கள்.

டாட் 5 என்கிற சிலிக்கோன் எண்ணெயை மற்ற பிரேக் எண்ணெய்களோடு கலக்காதீர்கள். 1950 வண்டியின் ஒற்றைக் குழாய் மாஸ்டர் சிலிண்டரை ‘பழமை’ என்று வைத்துக்கொள்ளவும் வேண்டாம். ஒரு இடத்தில் ஒழுகினால் நாலு சக்கரமும் போச்சு.

45, 50 மைல் வேகத்தில் வண்டி நடுங்குகிறது

எஞ்சினா, சக்கரமா, கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் ஷாஃப்ட்டா என்று முதலில் பிரியுங்கள். நடுங்குகிற வேகத்தில் நியூட்ரலுக்குத் தள்ளி எஞ்சினை ஐடிலுக்கு விடுங்கள். நடுக்கம் நின்றால் எஞ்சின் பக்கம். நிற்கவில்லை என்றால் ஷாஃப்ட் அல்லது சக்கரம். சக்கரத்து நடுக்கம் மெதுவாக, ஸ்டீயரிங்கிலோ சீட்டிலோ குலுக்கலாக வரும். ஷாஃப்ட் நடுக்கம் வேகமாக, தரையில் ஒரு ரீங்காரமாக வரும்.

இன்னொன்றையும் பாருங்கள். காலையில் நடுங்கி, ஐந்தாறு மைல் ஓடியதும் தானாகச் சரியாகிறதா? பழைய தோற்றத்துக்காகப் போட்ட பயாஸ் டயர் (ரேடியலுக்கு முந்திய பழைய ரகம்) இரவு முழுக்க நின்ற இடத்தில் தட்டையாகியிருக்கிறது. அதற்கு மருந்து கிடையாது, ரேடியல் டயர்தான்.

ஷாஃப்ட் என்றால் கோணத்தை அளக்க வேண்டும். வண்டியைத் தாழ்த்த எஸ்-10-இன் பின் அச்சை லீஃப் ஸ்பிரிங்குக்கு மேலே மாற்றியிருப்பீர்கள். அப்போது ஸ்பிரிங் பீடத்தைப் புதிதாக வெல்ட் செய்திருப்பீர்கள். பினியன் (பின் அச்சில் ஷாஃப்ட் மாட்டும் முனை) எந்தக் கோணத்தில் பார்க்கிறது என்பதை அந்த வெல்டிங் தீர்மானித்துவிட்டது. பலர் கண்மதிப்பில் வைத்துவிடுகிறார்கள்.

விதி எளிது. கியர்பாக்ஸ் வால் 3 டிகிரி கீழே பார்த்தால், பினியன் 3 டிகிரி மேலே பார்க்க வேண்டும். இரண்டும் இணைகோடு. வித்தியாசம் 1 டிகிரிக்குள் இருக்கட்டும். ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் ஷாஃப்ட்டோடு ஏற்படும் கோணம் 3 டிகிரியைத் தாண்ட வேண்டாம். அதற்காக நேர்கோடாகவும் வைக்காதீர்கள், அரை டிகிரியாவது இல்லாவிட்டால் உள்ளே ஊசி பேரிங் நகராமல் ஒரே இடத்தில் தேயும். லீஃப் ஸ்பிரிங் வண்டியில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது பினியன் மூக்கைத் தூக்கும், அதனால் நிற்கும்போது 1 அல்லது 2 டிகிரி கூடுதலாகக் கீழே வைப்பது வழக்கம். வண்டி தன் சொந்த எடையில், சக்கரத்தில் நிற்கும்போது அளக்க வேண்டும். அச்சு தொங்கும்போது அளந்த எண் எதற்கும் உதவாது. ஃபோனில் இருக்கிற கோணம் காட்டும் ஆப் போதும்.

திருத்த ஸ்பிரிங்குக்கும் பீடத்துக்கும் நடுவில் ஆப்பு வடிவ ஷிம் வையுங்கள். கோணம் சரியாக இருந்தும் நடுக்கம் போகவில்லை என்றால், ஷாஃப்ட்டை வெட்டிச் சுருக்கியவர் இரண்டு முனை யோக்கையும் (ஜாயின்ட்டைப் பிடிக்கும் கவை) ஒரே வரிசையில் வைத்தாரா என்று பாருங்கள்.

ஸ்டீயரிங் பிடித்த பக்கம் போகாமல் அலைகிறது

பின்னால் பெரிய டயர், முன்னால் சின்ன டயர், மூக்கு தாழ்ந்து வால் தூக்கி நிற்க வேண்டும். அந்த நிலைக்காகத்தான் பாதிப் பேர் இதைக் கட்டுகிறோம். ஆனால் 118 அங்குல வீல்பேஸில் பின்பக்கம் 4 அங்குலம் உயர்ந்தால் சேஸிஸ் முழுக்க 2 டிகிரி முன்னால் சாய்கிறது. சேஸிஸ் சாய்ந்தால் முன்சக்கரத்தின் காஸ்டர் கோணமும் (சக்கரம் திரும்புகிற அச்சின் பின்சாய்வு) அதே 2 டிகிரி குறையும். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதால்தான் கையை விட்டாலும் நேராகப் போகிறது. அந்தச் சாய்வைத்தான் நாம் தின்றுவிட்டோம். எல்லா ஜாயின்ட்டும் புதுசாக இருந்தும் வண்டி நாய் மோப்பம் பிடிப்பது மாதிரி ரோட்டில் அலையும்.

வண்டியை அதன் கடைசி உயரத்துக்குக் கொண்டுவந்த பிறகே அலைன்மென்ட் செய்யுங்கள். முன் சஸ்பென்ஷனின் மேல் கையில் இருக்கிற ஷிம்மை மாற்றி, பவர் ஸ்டீயரிங்குக்கு 3 முதல் 5 டிகிரி காஸ்டர் கேளுங்கள். இரண்டு முன்சக்கரத்தையும் இணைக்கிற பழைய ஒற்றை அச்சு போட்டவர்களுக்கு 5 முதல் 7. அந்த அச்சில் ஒரு பள்ளம் ஏறியதும் இரண்டு சக்கரமும் வெறிபிடித்தது போல் ஆடினால், காஸ்டரோடு கிங்பின் (சக்கரம் திரும்புகிற முளை) தேய்மானத்தையும் பாருங்கள்.

எங்கேயாவது ஒரு பக்கம் திருப்பும்போது பிடித்துப் பிடித்து வருகிறதா? ஸ்டீயரிங் தண்டில் மூன்று ஜாயின்ட் போட்டிருந்தால் நடுவில் ஒரு பேரிங் தாங்க வேண்டும். இல்லாவிட்டால் தண்டு பாம்பு மாதிரி நெளியும்.

கியர்பாக்ஸ் வழுக்குகிறது

700ஆர்4 என்றால் உடனே நிறுத்துங்கள். வீடு வரைக்கும் ஓட்டிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். த்ராட்டிலிலிருந்து போகும் டி.வி. கேபிள் வெறும் கியர் மாற்றுவதற்கானது அல்ல, உள்ளே எண்ணெய் அழுத்தத்தையே அதுதான் தீர்மானிக்கிறது. வேறு கார்புரேட்டரில் மாட்டும்போது கொக்கியின் இடம் மாறினால் அழுத்தம் குறைந்து சில மைல்களிலேயே கிளட்ச் தட்டு கருகும். த்ராட்டில் முழுக்கத் திறக்கும்போது கேபிளும் முழுக்க இழுபட வேண்டும், பாதியில் திறக்கும்போதும் அதே கணக்கு. அந்தக் கார்புரேட்டருக்கென்று விற்கிற பிராக்கெட்டை வாங்கிப் போடுங்கள், தகரத்தில் நாமே வெட்டுகிற இடம் இது இல்லை.

பெட்ரோல் முள் பொய் சொல்கிறது

1950 கேஜ் 0 முதல் 30 ஓம் வரை படிக்கும். 1980களின் எஸ்-10 டேங்க்கில் இருக்கிற மிதவை 0 முதல் 90 வரை கொடுக்கும். அதனால் டேங்க்கில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும்போதே முள் ‘நிறைந்தது’ என்று நிற்கும். பழைய ஃபோர்டு மிதவை காலியில் 73, நிறைந்தால் 10, தலைகீழ். கேஜையும் மிதவையையும் ஒரே குடும்பமாக வாங்குங்கள். அதோடு, பழைய கேஜ் 6 வோல்ட், உங்கள் வண்டி இப்போது 12.

வெல்டிங் புழு அரித்தது மாதிரி இருக்கிறது

ஓட்டை ஓட்டையாக வந்தால் வெல்டிங்கைக் காக்கிற காஸ் காற்றில் அடித்துப் போகிறது, அல்லது அடியில் துரு, பெயின்ட். கராஜ் ஃபேனை அணையுங்கள். ஆர்கன் 75, கார்பன் டை ஆக்சைடு 25 கலவை, மணிக்கு 20 முதல் 25 கன அடி. கம்பி உருண்டை உருண்டையாக மேலேயே உட்கார்ந்து பொறி பறந்தால் போலாரிட்டி மாறியிருக்கிறது. காஸ் இல்லாத ஃப்ளக்ஸ் கம்பிக்கு வைத்ததை காஸுக்கு மாற்ற மறந்திருப்பீர்கள். கேபின் தகடு ஓட்டை விழுந்தால் 0.023 அங்குலக் கம்பி, ஒரு பொட்டு இங்கே, அடுத்த பொட்டு ஒரு சாண் தள்ளி.

சேஸிஸை வெட்டி இணைத்த இடத்தில் வெல்டிங்குக்குப் பக்கத்தில் மயிர்க்கோடு தெரிந்தால் மேலே இன்னொரு கோடு வெல்ட் ஓட்டி மறைக்காதீர்கள். விரிசல் முனையில் 1/8 அங்குலத் துளை போட்டு, கோட்டை வி வடிவில் குடைந்து நிரப்பி, மேலே சாய்சதுர முனை உள்ள தகடு வைத்து வெல்ட் செய்யுங்கள். சதுரத் தகடு வைத்தால் அதன் செங்குத்து விளிம்பில் அடுத்த விரிசல் வரும்.

துடைக்க பிரேக் கிளீனர் எடுக்காதீர்கள். குளோரின் கலந்த ரகம் வெல்டிங் வெளிச்சத்திலும் சூட்டிலும் ஃபாஸ்ஜீன் என்ற விஷவாயுவாக மாறும். அசிட்டோன் போதும், அதுவும் நன்றாகக் காய்ந்த பிறகு.

ஓட்டினால் தலை வலிக்கிறது

வேடிக்கை இல்லை. குட்டையான எக்ஸாஸ்ட் கேபினுக்கு முன்னாலேயே முடிந்து, கேபின் தரையிலும் ஃபயர்வாலிலும் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தகடு) துரு ஓட்டை இருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. இரவில் கேபினுக்குள் ஒரு விளக்கைப் போட்டு வெளியிலிருந்து பாருங்கள், வெளிச்சம் வருகிற எல்லா இடமும் அடைக்க வேண்டிய இடம். எக்ஸாஸ்ட் வாயைக் கேபினுக்குப் பின்னால் கொண்டுபோங்கள்.

வண்டி வெளியே வரவில்லை

நாங்கள் எக்ஸாஸ்ட்டைக் கேபினுக்குப் பின்னால் இரண்டு புகைக்கூண்டாக நிமிர்த்தி, நன்றாக வெல்ட் செய்து, ஆற விட்டு, ரசித்துவிட்டுத்தான் கராஜ் கதவைத் திறந்தோம். கதவு உயரம் 84 அங்குலம். புகைக்கூண்டு 86. டயரில் காற்றை இறக்கி, பெட்டியில் இரண்டு பேர் ஏறி உட்கார்ந்து, ஒரு விரல் இடைவெளியில் வெளியே தள்ளினோம். இப்போது புகைக்கூண்டு இரண்டுக்கும் அடியில் கிளாம்ப் ஜாயின்ட் இருக்கிறது. கழற்ற நாலு நிமிடம், ஒரு 13 எம்.எம். ஸ்பேனர்.